மாலையின் விலை

பொன்னுக்கு விலை உண்டு. பொருளுக்கு விலை உண்டு. நெஞ்சுக்கு விலை உண்டோ? உண்டு என்கிறது ஊர். இல்லை என்கிறது ஏடு. ஊர் சொல்வதை ஏற்பதா, ஏடு சொல்வதை ஏற்பதா? இந்த வினாவை நம்மிடம் எழுப்பியவர் பேரறிஞர் அல்லர், பெரும்புலவரும் அல்லர். கல்மண்டபத்துச் சந்து ஒன்றிலிருந்து பள்ளிக்கு வரும் பதினேழு வயது மாணவன். அவன் தந்தை காசிமேட்டு விசைப்படகில் பங்குக்குக் கடல் செல்பவர். தாய் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாய் விற்பவர். காசின் அருமை அவ்வீட்டிற்கு ஏட்டிலிருந்து வந்த பாடமன்று. அடுப்படியிலிருந்து வந்த பாடம்.

மாலை வகுப்பு முடிந்த பின் சில நாட்கள், பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட கதைகளை மாணவர்க்குச் சொல்வது நம் வழக்கம். அவ்வாறு ஒரு வாரம், அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் பிட்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' என்னும் புதினத்தைச் சொல்லத் தொடங்கினோம். 1925-இல் வெளிவந்த நூல் அது. வந்தபோது பெரிதாக விற்கவில்லை. 1940-இல் ஆசிரியர் தம் 44-ஆம் வயதில் மறைந்தபோது, இரண்டாம் அச்சின் படிகள் விலைபோகாமல் கிடந்தன. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்க்கு இலவசமாக வழங்கப்பட்ட நூல்களுள் ஒன்றாகி, அதன் பிறகே அது புகழேணியில் ஏறியது. விலைபோகாத ஏடு ஒன்று, விலைபோன மனிதரின் கதையைத் தனக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தது! 2013-இல் வந்த அதன் திரைப்படத்தில் நம் நாட்டு நடிகர் அமிதாப் பச்சன் சிறு வேடம் ஒன்றில் தோன்றினார் என்று சொன்னதும், வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

கதை நீண்டதன்று. ஜேம்ஸ் காட்ஸ் என்பவன் வடடகோட்டாவின் ஏழை உழவர் வீட்டுப் பிள்ளை. பெற்றோர் இட்ட பெயரைக் கழற்றி எறிந்து 'ஜே கேட்ஸ்பி' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்கிறான். படையில் அதிகாரியாய் இருக்கையில் டெய்சி என்னும் செல்வச் சீமாட்டியைக் கண்டு காதலிக்கிறான், அவளும் காதலிக்கிறாள். முதல் உலகப் போர் அவனைக் கடல்கடந்து இழுத்துச் செல்கிறது. அவன் திரும்புவதற்குள், 1919-இல், டாம் புக்கானன் என்னும் பெருஞ்செல்வனுக்கு அவள் மாலையிடுகிறாள். கேட்ஸ்பி கலங்கவில்லை, கணக்குப் போடுகிறான். அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம் அது. 1920 முதல் 1933 வரை சட்டம் மதுவைத் தடுத்தது, கள்ளச்சந்தை அதனைக் கொடுத்தது. அவ்வழியில் பணம் திரட்டுகிறான். டெய்சியின் வீட்டுக்கு எதிர்க்கரையிலே மாளிகை வாங்குகிறான். இரவெல்லாம் விருந்து, விருந்தெல்லாம் வெளிச்சம். அவனோ நீருக்கு அப்பால், அவள் வீட்டுத் துறையில் எரியும் பச்சை விளக்கை நோக்கி நிற்கிறான். அந்த ஒளிக்காகவே இத்தனை ஒளி!

இறுதியில் என்ன? டெய்சி ஓட்டிய வண்டி ஒரு பெண்ணை மோதிக் கொல்கிறது. பழியைத் தான் ஏற்கத் துணிகிறான் கேட்ஸ்பி. இறந்தவளின் கணவன் அவனைச் சுட்டுக் கொன்று, தானும் மாய்கிறான். டெய்சியும் டாமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். நூற்றுக்கணக்கில் வந்து உண்டவர்கள் ஒருவர்கூட இல்லையோ என்னும்படி, அவன் இறுதிச் சடங்குக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவரே வருகின்றனர். மகனின் பழைய பெயரை அறிந்த முதிய தந்தை அவர்களுள் ஒருவர்.

இதைச் சொல்லி முடித்தபோதுதான் அம்மாணவன் எழுந்து கேட்டான்: "சார், காசு இல்லைன்னுதானே அவ போனா? அவன் காசோடதானே திரும்பி வந்தான்? இதுல அவன் தப்பு இன்னா சார்?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. உடனே விடை சொல்லவும் இல்லை. சொல்ல முடியாத காரணம் ஒன்று நம்மிடம் இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் வினாவைப் பார்ப்போம்.

தமிழருக்கு இக்கதை புதிதன்று. துறைமுகப் பட்டினம் ஒன்று, அதிலே வணிகச் செல்வர், அவர் நடுவே காதல், காதலின் நடுவே பொன், பொன்னின் முடிவில் பிணம் என்னும் இந்த வரிசையைப் புகாரிலே கண்டவர்கள் நாம். சிலப்பதிகாரத்தின் கோவலன், கேட்ஸ்பியைப் போல் ஏழையாய்ப் பிறந்தவன் அல்லன். பெருவணிகன் மாசாத்துவானின் மகன். அரசன் அளித்த மாலையை மாதவி விற்பனைக்கு அனுப்புகிறாள். செல்வர் உலவும் தெருவிலே கூனி அதனை ஏந்தி நிற்கிறாள். விலை 1,008 கழஞ்சுப் பொன். அதனைக் கொடுப்பவனே மாதவிக்குக் கொழுநன். கோவலன் கொடுத்தான், மாலையை வாங்கினான், மாதவியின் மனை புகுந்தான்.

அமெரிக்கப் புதினத்திலும் ஒரு மாலை உண்டு. திருமணத்திற்கு முதல்நாள் டாம் டெய்சிக்கு அளிக்கும் முத்துமாலை. விலை மூன்றரை இலட்சம் டாலர். அன்று மாலை டெய்சியின் கையில் ஒரு மடல் இருக்கிறது. மடல் யாரிடமிருந்து என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. படிப்பவர் நெஞ்சம் சொல்லிவிடுகிறது. அவள் அழுகிறாள், மாலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாள், தன் மனம் மாறிவிட்டது என்கிறாள். குளிர்ந்த நீரில் அமர்த்துகிறார்கள். மடல் நனைந்து நைந்து துணுக்காகிறது. அரைமணி நேரம் செல்கிறது. முத்துமாலை மீண்டும் அவள் கழுத்தில்! மறுநாள் மணம் நடந்தேறுகிறது.

நண்பர்களே, இவ்விரண்டு மாலைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாதவியின் மாலைக்கு விலை வெளிப்படை. தெருவில் நின்று கூவினார்கள். டெய்சியின் மாலைக்கு விலை மறைமுகம். பரிசு என்று பெயர் சூட்டினார்கள். விலைமகள் குலம் என்று ஊர் தூற்றிய குடியில் பிறந்தவள் மாதவி. ஆனால், விலை கொடுத்து வந்தவனிடம் விலையில்லா அன்பு கொண்டாள். அவன் பிரிந்தபோது மடல் எழுதினாள்; திருப்பி அனுப்பினான்; மீண்டும் எழுதினாள். மதுரைக்குச் செல்லும் வழியில் அந்த இரண்டாம் மடலைப் படித்து, பிழை அவளுடையதன்று, தன்னுடையதே என்று கோவலன் உணர்ந்தான். அவன் இறந்த செய்தி கேட்டதும் அவள் துறவு பூண்டாள். மகள் மணிமேகலையைக் குலத்தொழிலுக்கு விட மறுத்தாள். மாண்பு மிக்க குலம் என்று ஊர் போற்றிய குடியில் பிறந்த டெய்சியோ, கேட்ஸ்பியின் சடலத்திற்கு ஒரு மலரும் அனுப்பவில்லை; ஒரு சொல்லும் அனுப்பவில்லை. குலம் எங்கே? குணம் எங்கே? பிறப்பைக் கொண்டு மாந்தரை எடை போடும் தராசு எத்துணைப் பொய்த் தராசு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அத்தராசை அமெரிக்கப் புதினமும் காட்டத் தவறவில்லை. பணக்காரர்களுக்குள்ளேயே அங்கு இரண்டு கரை. கிழக்குக் கரையில் இருப்பவர் பிறப்பாலே பணக்காரர்; மேற்குக் கரையில் இருப்பவர் பிழைப்பாலே பணக்காரர். ஒரே கடல்நீர், ஒரே காற்று, ஒரே டாலர்! ஆயினும், கேட்ஸ்பி எத்துணைப் பெரிய மாளிகை கட்டினாலும் கிழக்குக் கரையார் கண்ணுக்கு அவன் வந்தேறிதான். இந்த டாம் புக்கானன் விருந்து மேசையில் பேசும் பேச்சைக் கேட்க வேண்டும். வெள்ளை இனமே உயர்ந்த இனமாம். விழிப்பாய் இராவிட்டால் மற்ற நிறத்தார் மேலெழுந்துவிடுவராம்! உழைத்து ஒரு காசு சேர்த்தறியாத ஒருவன், தன் பிறப்பையே தன் பெருமையாகக் கொண்டு பேசும் இப்பேச்சு நம் நாட்டிலும் பல குரலில், பல வேடத்தில் ஒலித்த பேச்சே. அங்கே நிறம், இங்கே வருணம். நோய் ஒன்றே, பெயர்தான் இரண்டு.

மாளிகைகளுக்கும் நியூயார்க் நகருக்கும் இடையே ஒரு சாம்பல் மேடு வருகிறது அப்புதினத்தில். நிலம் சாம்பல், காற்று சாம்பல், அங்கு வாழ்வோர் முகமும் சாம்பல். வண்டியில் அடிபட்டுச் சாகும் மர்ட்டிலும், பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அவள் கணவன் வில்சனும் அங்கேதான் வாழ்கின்றனர். இப்பகுதியைப் பிற ஊர் மாணவர்க்கு விளக்க ஆசிரியர்கள் படம் காட்ட வேண்டியிருக்கலாம். நமக்கு வேண்டியதில்லை. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை போய்வந்தவர்க்கு அது தெரியும். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994-இல் மின்னாக்கம் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும் நாட்டுக்கு ஒளி தந்தன, நன்றே. ஆனால், எரிந்த நிலக்கரியின் சாம்பல் எங்கே தங்கிற்று? கொசத்தலையாற்றின் கழிமுகத்திலே, மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மக்களின் வலையிலே! ஒளி ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம். டாமுக்கும் டெய்சிக்கும் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தின் சாம்பல் மர்ட்டிலின் தெருவுக்குப் போக வேண்டும். புதினத்தில் வீணே இறந்தோர் மூவர். அம்மூவரும் ஏழையாய்ப் பிறந்தோர். தப்பியோர் இருவர், அவ்விருவரும் செல்வராய்ப் பிறந்தோர். இது தற்செயல் என்றா நினைக்கிறீர்கள்?

இங்கேதான் புகாரின் கதை நிமிர்ந்து நிற்கிறது. கோவலனும் பொய்ப்பழியால் கொலையுண்டான். ஆனால் அங்கே கேட்க ஒருத்தி இருந்தாள். ஒற்றைச் சிலம்பை ஏந்தி அரண்மனை வாயிலில் நின்றாள். சிலம்பின் உள்ளே மாணிக்கமா, முத்தா என்னும் ஒரே வினாவில் ஓர் அரசின் நீதி நொறுங்கிற்று. தவறு தன்னுடையதென்று உணர்ந்த பாண்டியன் உயிர்விட்டான். அமெரிக்கக் கதையில் டெய்சியின் வாயிற்கதவைத் தட்டிக் கேட்க ஒரு கண்ணகி இல்லை. டாமுக்கு வெட்கம் கற்பிக்க ஒரு வழக்குரை காதை இல்லை. கதை சொல்லும் நிக் என்பவன் பார்க்கிறான், வருந்துகிறான், எழுதுகிறான், அவ்வளவே. செல்வம் செய்யும் கொடுமைகளுள் தலையாயது எதுவெனில், தன் குற்றத்திற்கு வேறொருவன் விலை கொடுக்கும்படி செய்துவிடுவதே.

சரி, மாணவனின் வினாவுக்கு வருவோம். கேட்ஸ்பியின் தவறு என்ன?

பணம் சேர்த்ததா? அன்று. வறுமையைப் புகழ்ந்து பாடுவோர் பெரும்பாலும் வறுமையில் வாழாதோர். வாடகைக்கு நாள் பார்க்கும் வீடுகளும், அடகுக் கடைக்கு வழி தெரிந்த நகைகளும் நிறைந்த தெருவில் இருந்துகொண்டு, பணம் வேண்டா, அன்பு போதும் என்று நாம் உபதேசம் செய்தால், கேட்பவர் கைகொட்டிச் சிரிப்பர், சிரிப்பது முறையும்கூட. அன்புக்கும் அடுப்பு வேண்டும். அடுப்புக்கு அரிசி வேண்டும். கள்ளவழியில் சேர்த்தது தவறு, ஐயமில்லை. ஆயினும், அவனை அழித்தது அதுமட்டுமன்று.

அவன் தவறு அதற்கும் முன்பே நிகழ்ந்துவிட்டது. ஜேம்ஸ் காட்ஸ் என்னும் உழவன் மகன் அன்புக்குத் தகுதியற்றவன் என்று செல்வர் உலகம் தீர்ப்பு எழுதிற்று. அத்தீர்ப்பை எதிர்த்து வழக்காட வேண்டியவன், அதன்கீழ் கையெழுத்திட்டுவிட்டான்! பெயரை மாற்றினான், பேச்சை மாற்றினான், இல்லாத குலப்பெருமையைப் புனைந்துரைத்தான். தன்னை விலைக்கு நிறுத்திய சந்தையைப் பழிக்காமல், தன் விலை குறைவென்று மட்டும் வருந்தினான். ஒரு காட்சி உண்டு. டெய்சியைத் தன் மாளிகைக்குள் அழைத்துச் சென்று, சீமையிலிருந்து வருவித்த சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அவள் முன் வீசுகிறான். அவள் அச்சட்டைகளில் முகம் புதைத்து அழுகிறாள். நம் எம்.சி. சாலைத் துணிக்கடைகளில் பண்டிகைக்கு முன்னாள் குவிந்து கிடப்பதைப் போலக் குவிகின்றன சட்டைகள். சட்டைக்குள் இருந்த மனிதனை மட்டும் இருவரும் பார்க்கவில்லை! அவள் காணவில்லை என்பது பெரிதன்று. அவனே தன்னைக் காணவில்லை என்பதுதான் துயரம். தன்மதிப்பு இழந்தவன் தரணியையே விலைக்கு வாங்கினும் வறியவனே.

இதனை அன்றே அம்மாணவனுக்குச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்ல முடியவில்லை. ஏன்? இப்பொழுது சொல்வோம்.

அவ்வாரந்தான் நம் வீட்டிலும் ஒரு விலை பேசப்பட்டது. பட்டம் பெற்று, வேலையும் பெற்று, மாதந்தோறும் சம்பளம் பெறும் ஆசிரியராகி ஈராண்டு ஆயிற்று. பெண் பார்க்கத் தொடங்கினர். துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கும் பணியில் தோள் தேய்ந்த ஒருவரின் மகள். படித்த பெண்; நற்பண்பினள்; நமக்கும் மனம் ஒப்பிற்று. நம் அன்னையார் அழைத்துச் சொன்னார்: "தம்பி, அவங்க இருபது சவரன் சொல்றாங்க. வாத்தியார் மாப்பிள்ளைக்கு நாப்பதுக்குக் குறையாதுப்பா. நீ ஒண்ணும் பேசாதே, நாங்க பேசிக்கிறோம்."

நாம் ஒன்றும் பேசவில்லை. ஆம், நண்பர்களே, பகலில் வகுப்பறையில் டெய்சியைப் பழித்துப் பேசிய நாம், இரவில் வீட்டில் ஒன்றும் பேசவில்லை! அப்பெண்ணின் தந்தை வீட்டை அடகு வைக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று செவிவழியாய் அறிந்த பின்னும், பத்து நாட்கள் பேசவில்லை. பேசாதிருப்பது எளிது. பெரியோர் பார்த்துக்கொள்வர் என்னும் போர்வைக்குள் படுத்துக்கொள்வது இதமானது. டெய்சியும் அதைத்தானே செய்தாள்? கேட்ஸ்பியின் கதையைப் படிக்கிற இளைஞர் எல்லாரும் தம்மைக் கேட்ஸ்பியாய் எண்ணிக் கண் கலங்குகிறோம். கழுத்து நீட்டி மாலையை ஏற்றுக்கொண்ட டெய்சி நாமாகவும் இருக்கக்கூடும் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. மாப்பிள்ளை என்னும் பெயரில் கூனியின் கையிலே தொங்கி, தெருவிலே விலை கூறப்பட்டுக்கொண்டிருந்த மாலை நாமே என்று உணர்ந்தபோது நாணினோம்.

அன்னையார் பேராசை பிடித்தவர் அல்லர். அவர்பக்கம் ஒரு வாதம் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. "பெண்ணுக்குச் சொத்து எழுதித் தரமாட்டாங்க. நகைதானே அவ பங்கு? எனக்கும் அதுதான் போட்டாங்க" என்றார். உண்மைதான், பெண்ணுக்குச் சொத்துரிமை மறுக்கப்பட்ட நாட்டில் நகையே அவள் பங்காக நின்றது. ஆனால், அந்நாள் கழிந்தது. 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் இந்தியா முழுவதிலும், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையை மகளுக்குச் சட்டம் அளித்துவிட்டது. பங்கு என்றால் அது மகள் பெயரில் இருக்க வேண்டும். மகன்களுக்கு உள்ளதுபோல் பெற்றோர் உடைமையிலிருந்து வர வேண்டும். மாப்பிள்ளையின் பட்டத்தைப் பார்த்துப் பங்கு ஏறி இறங்குமோ? எழுத்தராயின் இருபது, ஆசிரியராயின் நாற்பது, மருத்துவராயின் நூறு என்று ஏறுவது பங்கன்று, விலை. விலையைக் கேட்பதும் கொடுப்பதும் குற்றமென்று 1961-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் ஏறிற்று, வீட்டில் ஏறவில்லை.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை எண்ணிப் பார்க்கிறோம். பெண்ணைப் பொட்டுக்கட்டி விலைக்கு நிறுத்திய முறையை எதிர்த்துப் போராடி, 1936-இல் 'தாசிகளின் மோசவலை' என்னும் புதினத்தையும் எழுதியவர். 1947-இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அவர் பெயரால் 1989-இல் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு அரசு உதவித் திட்டம் வந்தது. 2022-இல் அத்திட்டம் மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி பெற மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டமாயிற்று. மணமேடைக்குச் சென்ற பணம் படிப்பு மேசைக்குத் திரும்பிற்று! இம்மாற்றத்தின் பொருளை நாடு இன்னும் முழுதாய் உணரவில்லை. பெண் தன் காலில் நிற்பாளாயின், அவள் கழுத்தில் விழும் மாலை அவளை வாங்கும் மாலையாய் இராது.

பதினோராம் நாள் வாய் திறந்தோம். "சவரன் கணக்கு வேண்டாம் அம்மா. கேட்டால் இந்த மணமே வேண்டாம்" என்றோம். பெரிய வீரம் ஒன்றுமன்று. பத்து நாள் கோழைத்தனத்திற்குப் பின் வந்த சிறு நேர்மை. அன்னையார் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு பரிமாறும்போது, "எனக்குப் போட்ட நகையிலே எங்கப்பா வாங்கின கடன் அவர் சாகிற வரைக்கும் தீரலைப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின் சவரன் பேச்சு அவ்வீட்டில் எழவில்லை.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி, அவன் கேட்ட வினாவுக்கு விடை சொன்னோம். பணத்தோடு வந்தது தவறன்று தம்பி. பணமாகவே வந்தது தவறு என்றோம். அவன் சற்று நேரம் எண்ணினான். "அப்ப, அவன் சொந்தப் பேரோட வந்திருக்கணும், இல்ல சார்?" என்றான். நாம் பல பக்கங்களில் எழுதியதை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்!

ஆம், சொந்தப் பெயரோடு வர வேண்டும். கேட்ஸ்பி அல்லன், காட்ஸ். வாத்தியார் மாப்பிள்ளை அல்லன், பாரம் சுமந்தவர் வீட்டுக்கு மருமகனாய் வர விழையும் ஓர் ஆண்மகன். இருபது சவரன் அல்லள், படித்த ஒரு பெண். விலைச்சீட்டைக் கழற்றிய பிறகே மனிதர் மனிதரைக் காண இயலும். கண்ட பிறகே காதலிக்க இயலும்.

1967-ஆம் ஆண்டு, அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்கும் திருத்தம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாய் ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றிக்கொண்டாலே போதும்; அது மணம். புகாரில் விற்ற மாலைக்கு 1,008 கழஞ்சு. அமெரிக்காவில் அணிந்த மாலைக்கு மூன்றரை இலட்சம் டாலர். கல்மண்டபத்துப் பூக்கடையில் கட்டித் தரும் இரண்டு மாலைக்குச் சில நூறு ரூபாய். மூன்றினுள் விலை குறைந்தது மூன்றாவதுதான். மனிதரை விலை பேசாததும் அதுவே.